எனக்குள் இருக்கும் நீல நூல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன், அதுவும் தென்காசிப் பக்கம் ஒரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகு மளிகைச் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஞாபகமும் இப்போதெல்லாம் பிசகுகிறது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு இரண்டு காரணம். எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ்தான் என்பது ஒன்று. மற்றது, என் மகனுக்கும் மகளுக்கும் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. மலையாளம்தான் படிப்பார்கள். இந்தத் தாள் அவர்கள் கையில் கிடைத்தாலும் அம்மா ஏதோ சாமி பாட்டு எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

நான் வேலை பார்த்தது மிளகுக் கிடங்கில். பாண்டிகசாலை என்று இங்கே சொல்வார்கள். பழைய ஓட்டுக் கட்டடம், பின்பக்கம் காயல். மலையிலிருந்து வரும் மிளகையும் சுக்கையும் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து சொளகில் புடைத்து, சல்லடையில் சலித்து, கல்லும் காம்பும் பொறுக்குவோம். ஒவ்வொருத்திக்கும் உட்கார ஒரு மடித்த சாக்கு. காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் கஞ்சி குடிக்கத்தான் எழுந்திருப்பது.

மிளகுத் தூசிக்குத் தும்மல் வராமல் இருக்காது. எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவள் கையை நிறுத்தாமல் “நூறு” என்பாள். இரண்டாம் தும்மலுக்கு “இருநூறு”. ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான், நூறு வயது வாழ என்று. ஆனால் கிடங்கில் ஒருத்தி தும்ம ஆரம்பித்தால் பத்து தும்மாமல் நிற்கமாட்டாள். வரிசை முழுக்கச் சேர்ந்து எண்ணும். ஆயிரம் வந்துவிட்டால் சிரிப்பு. “ஆயிரம் வருஷம் இந்த மிளகையே பொறுக்குடி” என்பார்கள்.

மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு ஒவ்வொரு நூறுக்கும் உயிர் போகும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்குத் தும்மினால், இருமினால், மூட்டை நகர்த்தினால் சிறுநீர் கசிந்துவிடும். முதலில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு. தொண்ணூறுகளின் பாதியில் எனக்கு நாற்பது தாண்டியபோது துணி வைக்காமல் வேலைக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொள்வேன். வெயில் காலத்தில் பரவாயில்லை. ஆடி மாதம், இங்கே கர்க்கடகம் என்பார்கள், மழை விடாமல் பெய்யும்போது துணி காயாது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைப்பேன். வீட்டில் ஒரு வாடை இருக்கிறதோ என்று மூக்கைச் சுளித்துச் சுளித்து முகர்ந்துகொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரர் நகரசபையில் சாக்கடை ஓடை அள்ளும் வேலை பார்த்தவர். அவர் மேல் எப்போதும் ஓடை வாடை இருக்கும். அதனால் என் வாடை அவருக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிடங்கில் நான் கதவோரத்து மூலையைப் பிடித்துக்கொண்டேன். மிளகுக் குவியலுக்குத் தள்ளி. மிளகில் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், பூசணம் பிடித்தால் சரக்கு திரும்பி வரும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். என்னால் ஒரு சாக்கு சரக்குக் கெட்டுவிடக் கூடாதே என்று பயம். சாயங்காலம் எழுந்ததும் என் சாக்கை நானே கொண்டுபோய் வெளியே விரித்துவிடுவேன்.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா உண்டு. என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவள், வாய் பெரிய வாய். ஒருநாள் எல்லாரும் கஞ்சிக்கு எழுந்தபோது அவள் என் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி, மழையும் இல்லை, ஓடும் ஒழுகலை. உன் சாக்கு மாத்திரம் எப்படி நனையுது?”

தண்ணீர்ச் செம்பு சாய்ந்துவிட்டது என்றேன். “உன் செம்பு தினமும் சாயும்போல” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்குப் பிறகு நான் கிடங்கில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன்.

இப்படியே பல வருஷம் போயிற்று. சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன், எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். அங்கே வந்த ஒரு டாக்டரம்மா, இருமினால் சிறுநீர் போகிறவர்கள் கூச்சப்படாமல் வாருங்கள், இதற்குப் புதிதாக ஓர் ஆபரேஷன் வந்திருக்கிறது, அரை மணி நேரம்தான், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார். உள்ளே தளர்ந்துபோனதைத் தூக்கிப் பிடித்து ஒரு சின்னத் தையல் போடுவது மாதிரி என்று கையைக் காட்டினார். நான் தையல் என்பதைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ. கேட்காதது என் மேல்தான் குற்றம் என்று ரொம்ப நாள் நினைத்தேன். இப்போது அப்படி முழுதாக நினைக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் நினைக்கிறேன்.

அந்த டாக்டரம்மா சொன்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்காரர்தான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஓர் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதை ரேஷன் கார்டு வைக்கும் தகரப் பெட்டியில் போட்டு வைத்தார்.

ஆறு வாரம் பாரம் தூக்காமல் இருந்துவிட்டுக் கிடங்குக்குப் போனேன். முதல் தும்மல் வந்தபோது பழக்கத்தில் தொடையை இறுக்கினேன். “நூறு” என்றார்கள். ஒன்றும் வரவில்லை. “இருநூறு.” ஒன்றும் இல்லை. எழுநூறு வரைக்கும் தும்மினேன். என் சாக்கு காய்ந்து கிடந்தது. அன்றைக்கு நான் அழுததை மிளகுத் தூசி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் மூலையை விட்டுவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில், நடுவில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சுனாமி வந்துபோன சில நாளில், கடல் மறுபடியும் ஏறி வருகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பிக் கிடங்கே காலியானது. சொளகைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம். மூச்சு வாங்க நின்றபோது நான் முதலில் பார்த்தது கடல் வருகிறதா என்று இல்லை. நான் காய்ந்திருக்கிறேனா என்றுதான். காய்ந்திருந்தேன். கடல் வரவில்லை.

அந்த வாய் பெரிய அக்கா அன்றைக்குத் திரும்பி நடக்கும்போது என் பக்கத்தில் வந்தாள். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தாள். பிறகு, “எந்த ஆஸ்பத்திரிடி?” என்று மட்டும் கேட்டாள். அவள் சேலையைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்திருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். என் சாக்கைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கும் அதே ஆபரேஷன், அதே டாக்டரம்மா.

அடுத்த மழைக்காலத்தில்தான் எனக்குத் தொந்தரவு ஆரம்பித்தது. தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் துணியில் மஞ்சளாக ஒரு கறை, சில நாள் இளஞ்சிவப்பாக. உட்கார்ந்தால் உள்ளே ஒரு உறுத்தல். சாதம் சாப்பிடும்போது பல்லிடுக்கில் மீன் முள் மாட்டிக்கொண்டால் நாக்கு அங்கேயே போகுமே, அதுபோல என் நினைப்பு முழுக்க அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

இனிமேல் எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் எழுதியதற்கே அர்த்தமில்லை.

அப்போது எங்களுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்காத வயது. எப்போதாவது உண்டு. ஒருநாள் அவர் வெடுக்கென்று விலகி எழுந்து உட்கார்ந்தார். “என்னடி உள்ள கருவாட்டு முள்ளா வச்சிருக்கே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருக்குக் கீறியிருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே ஆனபோது சிரிக்கவில்லை. மூன்றாம் முறை இல்லை. அவர் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை. பயந்து போனார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

எனக்கும் பயம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வரிசையில் ஒருத்தி கர்ப்பப்பையில் புற்று வந்து செத்துப்போனாள். அவளுக்கும் தீட்டு நின்ற பிறகு இப்படித்தான் கறையாக ஆரம்பித்தது. கடைசியில் அவள் பக்கத்தில் உட்கார முடியாத வாடை. நான் என் துணியை முகர்ந்து பார்த்தேன். அதே வாடை மாதிரி இருந்தது. எனக்கும் அதுதான் என்று முடிவுகட்டிக்கொண்டேன். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். கல்யாணம் முடிகிற வரைக்கும் உயிர் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

இரத்தம் கூடியபோது பக்கத்தில் இருந்த வேறோர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், பெண்தான். இதற்கு முன்னால் அந்த இடத்தில் ஆபரேஷன் செய்து வலை, பட்டை அப்படி ஏதாவது உள்ளே வைத்திருக்கிறதா என்று தெளிவாகக் கேட்டார். மலையாளம் எனக்கு நன்றாகவே புரியும். “இல்லை, ஒரு சின்னத் தையல் மட்டும்தான்” என்று சொன்னேன்.

பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் விளக்கை வைத்துப் பார்க்க வந்தபோது நான் கூச்சத்தில் காலை இறுக்கிக்கொண்டேன். தளர்த்துங்கள் தளர்த்துங்கள் என்று பலமுறை சொன்னார். என்னால் முடியவில்லை. ஏதோ புண் மாதிரி தெரிகிறது என்று சொல்லி, கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து, புற்று இல்லை, வீக்கமும் சீழும்தான் என்று முடிவு வந்தது. மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்.

புற்று இல்லை என்று சொன்னால் சந்தோஷப்பட வேண்டும். நான் நம்பவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். மாத்திரை சாப்பிடும்போது வாடை குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். நாலு மாதம் இப்படியே. அவர் முன்னறையிலேயே படுத்தார். பிள்ளைகள் கேட்டதற்கு முன்னறையில் காற்று வருகிறது என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. குளிக்கும்போது கையை விட்டுப் பார்த்தேன். அதுவரைக்கும் அப்படிப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இருந்ததில்லை. முன்பக்கத்துச் சுவரில், விரல் நுனியில் ஏதோ சொரசொரவென்று தட்டியது. சதை இல்லை. நகத்தால் நெருடினேன். ஒரு நுனி எழுந்து வந்தது. நைலான் நூல் மாதிரி விறைப்பாக.

எனக்கு அப்போது வந்ததை எப்படிச் சொல்ல. ஒரு பெரிய நிம்மதி. புற்று இல்லை, தையல். போட்ட தையலைப் பிரிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நினைத்ததும் செய்தேன் ஒரு காரியம். கிடங்கு வேலை பார்க்காத ஒருத்தி அதைச் செய்திருக்கமாட்டாள்.

கிடங்குக்கு வரும் சாக்குகள் சிலதுக்கு வாயில் மிஷின் தையல் இருக்கும். அதைக் கத்தியால் அறுத்தால் சாக்கு கெடும். தெரிந்தவர்கள் அறுக்கமாட்டார்கள். தையலுக்கு இரண்டு நுனி. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இறுகும். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் சரசரவென்று முழுவதும் பிரிந்து கையோடு வந்துவிடும். இருபது வருஷமாக நான் செய்த வேலை அது. எந்த நுனி என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும். கணக்குப்பிள்ளைகூடப் புது ஆட்களிடம் என்னைக் காட்டி அவளிடம் கற்றுக்கொள் என்பார்.

நான் அந்த நுனியை நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இழுத்தேன்.

பிரியவில்லை. அடிவயிறு மொத்தமும் சேர்ந்து வந்தது மாதிரி இருந்தது. இது இறுகுகிற நுனி என்று நினைத்து, இன்னும் பலமாக இழுத்தேன். அப்படி நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. இரண்டு அங்குலம்கூட இருக்காது, ஒரு துண்டு கையோடு வந்தது. நீல நிறம். பிறகு இரத்தம். குளியலறைத் தரையில் நான் ஊற்றிய தண்ணீர் எல்லாம் சிவப்பாக ஓடியது.

அவர் வந்து பார்க்கும்போது நான் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டில் ஒரு பெண், எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களைப்போலத் தமிழ்க் குடும்பம்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அவள் வந்து என்னைப் படுக்க வைத்துத் துணியைத் திணித்து அழுத்திப் பிடித்தாள். இரத்தம் மட்டுப்பட்ட பிறகு, என் கைக்குள் இருந்த நீலத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அத்தே, இது நூல் இல்லை. வலை.”

உற்றுப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. சின்னச் சின்னக் கண். கொசுவலையைவிடக் கொஞ்சம் பெரிய கண். கண்களுக்குள்ளே என் சதை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை எங்கே என்று கேட்டாள். அவர் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். அட்டையின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. கோடுகளும் எண்களும், இங்கிலீஷில் என்னவோ. அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, மாமா, இது உள்ளே வைக்கிற வலை என்று இதிலேயே எழுதியிருக்கிறதே, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்றாள்.

“நான் என்ன வாசிச்சா போட்டேன்? விரலை வச்சுக் காட்டின இடத்துல போட்டேன்” என்றார் அவர். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாற்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது இரண்டு தடவை. அதில் இது ஒன்று.

மறுநாள் காலையில் படகுத்துறையில் படகேறி எர்ணாகுளம் போனோம், நானும் அவரும் அந்தப் பெண்ணும். அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு வயதான டாக்டரம்மா. நரைத்த தலை, மெதுவான பேச்சு. அட்டையையும் நீலத் துண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, என்னவெல்லாம் செய்கிறது, ஒன்றுவிடாமல் சொல் என்றார்.

கறையைச் சொன்னேன். வாடையைச் சொன்னேன். இழுத்ததைச் சொன்னேன். மீதி வாயில் வரவில்லை. அவர் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது, தலைத் துண்டை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அழைத்து நிறுத்திய பிள்ளை மாதிரி. நான் தலையைக் குனிந்து தமிழில் சொன்னேன்.

“என் வீட்டுக்காரருக்குக் குத்துது.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு மறுபடி சொல்லத் தெம்பில்லை. அந்தப் பெண், என் மகளின் வயதுதான் இருக்கும், அதை மலையாளத்தில் எடுத்துச் சொன்னாள். காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்வதுபோல, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள். அதற்காக அவளை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. வலை வெளியே தலை நீட்டிவிட்டால் அப்படித்தான் ஆகும், இதைத்தான் யாரும் வந்து சொல்வதில்லை, நீ முதலிலேயே சொல்லியிருந்தால் பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பார்கள் என்றார். நான் சாக்குத் தையல் என்று நினைத்து இழுத்ததைக் கேட்டு, அந்த நீலத் துண்டை எடுத்துக் காட்டினார்.

“சேச்சி,” அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், “இது சாக்கல்ல. மாம்சம் இதுக்குள்ள வளர்ந்து கேறியிருக்கு.”

பிறகு விளக்கிச் சொன்னார். தளர்ந்த சிறுநீர்க் குழாய்க்கு அடியில் இந்த வலைப் பட்டையை ஓர் ஊஞ்சல் மாதிரி வைக்கிறார்கள். வைத்த சில வாரத்தில் சதை வலைக் கண்களுக்குள் வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். அது நிற்பதே அப்படித்தான். முக்கால்வாசிப் பேருக்கு மேலேயே அதோடு நிம்மதியாக இருக்கிறார்கள். சிலருடைய உடம்பு மட்டும் அதை வேற்றாள் என்று கண்டுகொள்கிறது. சுற்றிலும் வீங்குகிறது, புண்ணாகிறது, மேலே மூடியிருக்கும் மெல்லிய தோல் தேய்ந்து வலை வெளியே வருகிறது. தீட்டு நின்ற பிறகு அந்தத் தோல் இன்னும் மெலிந்துவிடும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. கிடங்கின் பின்பக்கம் ஈர மண்ணில் ஒரு பழைய சாக்கு வருஷக்கணக்காகக் கிடந்தது. அதன் கண் ஒவ்வொன்றிலும் புல் முளைத்திருந்தது. எடுத்துப் போடலாம் என்று ஒருநாள் பிடித்து இழுத்தபோது மண்ணும் வேரும் மண்புழுவும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அதுதான் நான் எனக்குச் செய்துகொண்டது.

வெளியே தெரிகிற பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தோலை மூடித் தைக்கலாம் என்றார். பக்கங்களில் ஆழமாகப் போயிருப்பதைத் தேடிப் போனால் கேடு அதிகம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ஊஞ்சலை நடுவில் வெட்டினால் பழைய தொந்தரவு திரும்பி வரலாம். யோசித்துச் சொல் என்றார்.

நான் யோசிக்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். வெளியே வந்து அவரிடம் சொன்னபோது, “வந்தா வரட்டும், நான் ஓடை அள்ளுறவன்” என்றார். என் வாடை அவருக்கு எத்தனை வருஷமாகத் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எடுத்தார்கள். புண் ஆறியது. கறை நின்றது. கொஞ்ச நாள் கழித்து அவர் பாயும் உள்ளே வந்தது, ஆனால் அவர் பயம் முழுதாகப் போகவில்லை, என்னுடையதும் போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினோம், அவ்வளவுதான். மகளின் கல்யாணத்தை இருந்து பார்த்தேன்.

கிடங்குக்குத் திரும்பிப் போன முதல் நாளே தும்மல் வந்தது. “நூறு” என்றார்கள். முந்நூறில் நனைந்துவிட்டேன். முன்பு அளவுக்கு இல்லை, பாதி. எழுந்து என் சாக்கை எடுத்துக்கொண்டு கதவோரத்து மூலைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த அக்கா என்னைப் பார்த்தாள். அவள் தன் சாக்கையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நடுவுல ஃபேன் காத்து ஒத்துக்கலை” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே வலை, அதே கை, அதே ஆஸ்பத்திரி. இன்றைக்கும் அவள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், ஒரு சொட்டு இல்லை. ஆபரேஷன் கெட்டது என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன், அவள் என்னோடு சண்டைக்கு வருவாள். நான் கூட்டிக்கொண்டு போனவள்தானே. எனக்கு ஆனது அவளுக்கும் ஆகிவிடுமோ என்று எத்தனையோ நாள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொளகு பிடித்திருக்கிறேன். ஒருநாள் கேட்டும்விட்டேன், கறை ஏதாவது உண்டா என்று. “என் உடம்பு எதையும் சேத்துக்கும்டி, உன் உடம்பு உன்னைப்போல, யாரோடயும் பழகாது” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் அதை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த நர்ஸ் பெண் வெளிநாட்டில் இருக்கிறாள். போன ஓணத்துக்கு வந்தவள்தான், நடந்ததை எழுதித் தமிழ் படிக்கத் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள் என்றாள். எனக்கு இப்போது மறுபடியும் உள்ளே ஓர் உறுத்தல் இருக்கிறது. போன மாதத்திலிருந்து. நினைப்பா நிஜமா என்று தெரியவில்லை. கையை விட்டுப் பார்க்கவில்லை. இந்த முறை டாக்டரிடம்தான் போக வேண்டும், போனால் “ஒரு சின்னத் தையல்” என்று சொல்லக் கூடாது, உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். அதற்கு எனக்கே சரியாகத் தெரிய வேண்டுமே.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அட்டையையும், எர்ணாகுளத்தில் கொடுத்த இரண்டாவது காகிதத்தையும் இந்தத் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் படித்து, நான் எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். ஆபரேஷன் சுனாமிக்கு முந்தின வருஷம்தானா. வலை வலது பக்கத்தில் அதிகம் மிச்சமிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதாக ஞாபகம், இடது பக்கமாகவும் இருக்கலாம். எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். எனக்கும் வந்து சொல்லுங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, பகல் பதினொரு மணிக்கு மேல் வந்தால் நான் தனியாகத்தான் இருப்பேன்.